ரம் கலந்த விப்பிங் கிரீம் பாயசம் போல் நீர்த்துவிடுகிறது: தவறு எங்கே?

மாயவரத்து மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் நாத்தனார் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு, பிறகு கணவர் குடும்பத்தோடு ஃபிரான்சில் குடியேறியவர். ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் விடுமுறைக்கு வருவார்கள். ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் சித்திரான்னம் படைத்து முடித்த பிறகு, அதற்கடுத்த ஞாயிறு இரவு எங்கள் வீட்டில் ஒரு விருந்து நடக்கும். சென்ற ஆண்டு அந்த விருந்துக்கு நாட்டுச் சர்க்கரைப் பாகில் வதக்கிய பூவன் பழத்தின் மேல் ரம் மணக்கும் கிரீமைக் குவித்துத் தருவதாக நாத்தனார் சொல்லியிருந்தார். ஃபிரான்சில் அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பண்டம் அது. அங்கே அந்தக் கிரீமை ஷாந்திய்யி என்கிறார்கள். எங்கள் அடுக்களையில் அது நுரைக்கவே இல்லை.

இந்த ஆண்டு அவர்கள் வருவதற்கு முன்பே நானே பழகிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். முதல் முறை, கடையில் கிடைக்கும் 200 மி.லி. ஃபிரெஷ் கிரீம் பெட்டி ஒன்றை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும், நாத்தனார் விட்டுச் சென்ற மார்த்தினிக் (கரீபியன் தீவு) ரம்மில் 60 மி.லி.யும் சேர்த்து, மின்சார பீட்டரால் பன்னிரண்டு நிமிடம் அடித்தேன். மேலே சில குமிழிகள் வந்தனவே தவிர, கலவை பால் பாயசம் போலத்தான் இருந்தது. குளிர்ச்சி போதவில்லை போலும் என்று எண்ணி, இரண்டாம் முறை கிரீம் பெட்டியை மூன்று மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுத்தேன். அது திரிதிரியாகப் பிரிந்து, அடிக்க அடிக்க இன்னும் மோசமாயிற்று. அந்த ரம் புட்டியில் 50 விழுக்காடு ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கிறது.

தவறு கிரீமிலா, ரம்மிலா, எங்கள் ஊர் வெயிலிலா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். கெட்டிப்படுத்த ஜெலட்டின் சேர்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் மாமியார் சைவம் என்பதால் அது இயலாது.

காரைக்கால் அடுமனைக்காரர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்ட மூன்றிலும் தவறு இருக்கிறது. ஆனால் முதல் தவறு கிரீமில்தான், ரம் பின்னால் வந்து அதைக் கெடுத்தது.

கிரீம் நுரைத்து நிற்பது சர்க்கரையாலோ நம் கைவேகத்தாலோ அன்று, பாலின் கொழுப்பால். ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. பீட்டரின் கம்பி அந்தச் சவ்வை ஆங்காங்கே கிழிக்கும்போது துளிகள் ஒன்றோடொன்று பாதியளவு ஒட்டிக்கொண்டு, உள்ளே புகுந்த காற்றுக் குமிழியைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. இந்தச் சுவர் எழும்ப வேண்டுமானால் கிரீமில் குறைந்தது 30 விழுக்காடு கொழுப்பு வேண்டும். 35 இருந்தால் கவலையில்லை. நீங்கள் வாங்கிய பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள்; ஃபிரெஷ் கிரீம் என்று விற்பவை பெரும்பாலும் 20 முதல் 25 விழுக்காடு கொழுப்பு உடையவை. குழம்பில் ஊற்றவும் பழக்கலவையில் கலக்கவும் அவை நன்று. நுரைப்பதற்கு அவை பிறக்கவில்லை.

இப்போது ரம்மின் கணக்கைப் பார்ப்போம். 25 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டால், உங்கள் 200 மி.லி. கிரீமில் கொழுப்பு ஏறத்தாழ 50 பங்கு. அதில் 60 மி.லி. ரம்மை ஊற்றியவுடன் மொத்தம் 260 ஆகிறது. கொழுப்பு 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. அது நுரைக்காததில் வியப்பில்லை. அதே 200 மி.லி. அளவில் 35 விழுக்காடு உள்ள விப்பிங் கிரீமை எடுத்து, ரம்மை 20 மி.லி.யோடு நிறுத்தினால் கொழுப்பு ஏறத்தாழ 32 விழுக்காட்டில் நிற்கும். ஆகவே 200 மி.லி. கிரீமுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., பாதுகாப்பான அளவு, 25 மி.லி. எல்லை. உங்கள் ரம் 50 விழுக்காடு. நம் நாட்டு ரம் வகைகள் வழக்கமாக 42.8 விழுக்காடு. எனவே நீங்கள் இன்னும் சற்றுக் குறைத்தே ஊற்ற வேண்டும். மார்த்தினிக் ரம்மில் பெரும்பகுதி மொலாசஸில் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) அன்றி, நேரடியாகக் கரும்புச் சாற்றிலிருந்து வடிப்பது. மணம் கூர்மையாக இருக்கும் என்பதால் ஒரு கரண்டியே பேசும்.

எப்போது ஊற்றுவது என்பது அளவைவிட முக்கியம். தொடக்கத்திலேயே ஊற்றினால் சுவர் எழும்பும் முன்பே கலவை நீர்த்துவிடும். முதலில் கிரீமை மட்டும் நடுத்தர வேகத்தில் அடியுங்கள். கம்பியின் தடம் மேற்பரப்பில் அழியாமல் நிற்கத் தொடங்கியதும் ஐசிங் சர்க்கரையைச் சேருங்கள். கம்பியைத் தூக்கினால் நுனி எழும்பி, உடனே கிளி மூக்கு போல வளைந்து சாய வேண்டும். அடுமனைகளில் இதைத்தான் சாஃப்ட் பீக் என்கிறோம். அந்தக் கணத்தில் பீட்டரின் வேகத்தைக் குறைத்து, ரம்மை நூல் போலப் பாத்திரத்தின் ஓரமாக விடுங்கள். கலவை ஒரு கணம் தளர்வது போலத் தெரியும். பதற வேண்டாம், இன்னும் இருபது முப்பது வினாடியில் திரும்ப இறுகும். ரம் புட்டியை முந்தின நாளே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சாராயம் வீட்டு ஃபிரீசரில் உறையாது. குளிர்ந்த ரம் கிரீமைச் சூடாக்காது.

வெயிலைப் பொறுத்தவரை, அடிக்கும்போது கிரீம் 4 முதல் 7 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். 10 டிகிரியைத் தாண்டினால் கொழுப்பு இளகத் தொடங்கி, எழுப்பிய சுவர் சரிந்துவிடும். ஆடி மாதத்தில் பகலில் நம் அடுக்களை 35 டிகிரிக்குக் குறையாது. அடுப்பில் பாகு கொதித்துக்கொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எனவே பாத்திரத்தையும் பீட்டர் கம்பிகளையும் அரை மணி நேரம் ஃபிரீசரில் வைத்து எடுங்கள். கிரீமை மட்டும் ஃபிரீசரில் வைக்காதீர்கள். உறைந்த நீர்ப்படிகங்கள் கொழுப்புத் துளிகளின் சவ்வைக் குத்திக் கிழித்துவிடும். உங்கள் இரண்டாம் முயற்சியில் திரிந்தது அதனால்தான். அகலமான தாம்பாளத்தில் ஐஸ் கட்டிகளும் சிறிது தண்ணீரும் இட்டு, அதன்மேல் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். குல்ஃபிக்குப் போடுவது போல ஐஸில் உப்பைப் போட்டுவிடாதீர்கள். பாத்திரத்தின் சுவரோரம் கிரீம் உறைந்து கட்டியாகும். பழத்தை வதக்கும் வேலையை முன்பே முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, கடைசியாகக் கிரீமுக்கு வாருங்கள்.

ஜெலட்டின் இன்றியே சமாளிக்கலாம். 200 மி.லி. கிரீமுக்கு ஒரு மேசைக்கரண்டி பால்பவுடரை ஐசிங் சர்க்கரையோடு சலித்துச் சேர்த்தால் ஓரிரு மணி நேரம் வடிவம் குலையாது. சைவம் என்பதால் கடல்பாசியை யாரேனும் பரிந்துரைப்பார்கள்; வேண்டாம். அது 40 டிகிரிக்கு அருகிலேயே இறுகிவிடும் பொருள் என்பதால், குளிர்ந்த கிரீமைத் தொட்டவுடன் இழை இழையாகத் திரண்டு நாக்கில் நெருடும்.

பாபநாசம் பால்காரர் எழுதியது:

காரைக்கால் ஐயா சொன்ன கணக்கு சரியே. ஆனால் 35 விழுக்காடு கொழுப்புள்ள பால் கிரீம் மயிலாடுதுறைக் கடைகளில் எல்லா நாளும் கிடைக்காது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ அடுமனைப் பொருள்கள் விற்கும் கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். ஆகவே எங்கள் வழியையும் சொல்கிறேன்.

கிரீம் பிரிக்கும் இயந்திரம் வைத்திருக்கும் பால் பண்ணை உங்கள் பக்கத்தில் இருக்கும். நெய்க்கும் வெண்ணெய்க்கும் அங்கே கிரீம் பிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். 4 விழுக்காடு கொழுப்புள்ள பத்து லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 400 கிராம் கொழுப்பு உண்டு. அதிலிருந்து 40 விழுக்காட்டுக் கிரீம் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். கால் லிட்டர் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது காய்ச்சாத பாலின் கிரீம் என்பதை மறந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கனத்த அடியுள்ள பாத்திரத்தில் இளந்தீயில் கிளறியபடி, ஓரத்தில் ஆவி பறந்து சிறு குமிழிகள் தோன்றும் வரை, அதாவது 80 டிகிரி வரை சூடேற்றி, உடனே ஐஸ் தண்ணீரில் இறக்கிக் குளிர்வித்து, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அந்த ஓர் இரவை யாரும் மிச்சப்படுத்த முடியாது. கொழுப்பு உள்ளுக்குள் படிகமாக இறுகப் பல மணி நேரம் பிடிக்கும். காலையில் சூடேற்றி மதியம் அடித்தால், தொடுவதற்குக் குளிர்ந்திருந்தாலும் நுரைக்காது.

காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏட்டைச் சேர்த்துவைத்து அடிக்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடாது. ஏட்டில் கொழுப்போடு வெந்த புரதமும் திரண்டிருப்பதால் அது வெண்ணெயாகத் திரளுமே ஒழிய நுரையாகாது. எருமைப் பால் கிரீமிலும் கவனம் தேவை. அதன் கொழுப்புத் துளிகள் பெரியவை. நுரைத்த மறுநொடியே வெண்ணெய்க்குத் தாவிவிடும்.

திருவாரூர் தேர்வீதி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அடுமனைப் பொருள் கடைகளில் உறைநிலையில் விற்கும் தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவைத்து அடித்தால், மூன்று மடங்குக்கு மேல் பொங்கி, மின்விசிறிக்கு அடியில்கூட நிற்கும்; ரம்மைச் சேர்த்தாலும் அசைவதில்லை. பிறந்தநாள் கேக்குகளின் மேல் நாம் பார்ப்பதெல்லாம் அதுதான். அதில் சர்க்கரை ஏற்கெனவே இருப்பதால் மேற்கொண்டு சேர்க்கத் தேவையில்லை.

காரைக்கால் அடுமனைக்காரர் எழுதியது:

தேர்வீதியார் சொல்வது உண்மை. என் கடையிலும் பத்தில் எட்டு கேக்குகளுக்கு அதையே அடிக்கிறேன். ஆனால் ரம்முக்கு அது துணையாகாது என்பது என் கருத்து. பால் கொழுப்பு வாயின் வெம்மையில் கரைந்துவிடுகிறது, கரையும்போதே அதில் தங்கிய ரம்மின் மணத்தையும் விடுவிக்கிறது. பனைவிதை எண்ணெயை இறுக்கிச் செய்த கிரீம் வெயிலில் நிற்பதற்கென்றே ஆனது. நாவிலும் அப்படியே நிற்கிறது. முதலில் இனிப்பும் வெண்ணிலாவும், பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலமும், எல்லாம் முடிந்த பிறகு தனியாக ஒரு சாராய நெடியும் என்று மூன்றும் பிரிந்து வரும். விருந்தினர் நாற்பது பேர், பந்தி மொட்டை மாடியில் என்றால் தாவரக் கிரீமை எடுங்கள். எட்டுப் பேருக்கு, அடித்த பத்தாவது நிமிடம் பரிமாறுவது என்றால் பால் கிரீமே தகும்.

வேறு மதுவகைகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவப்பு வைனையும் எலுமிச்சைச் சாறு கலந்த எதையும் கிரீமில் விடாதீர்கள்; புளிப்பால் திரிந்துபோகும். காபி லிக்கர் சேர்ப்பதானால் அதிலேயே சர்க்கரை மிகுதி என்பதால் ஐசிங் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ஐரிஷ் கிரீம் லிக்கர் 17 விழுக்காடுதான் என்பதாலும் அதிலேயே பாலாடை கலந்திருப்பதாலும் 200 மி.லி.க்கு இரண்டு மேசைக்கரண்டி வரை தாங்கும். விலை குறைந்த பிராந்தியைத் தவிர்த்துவிடுங்கள். சோடாவில் மறையும் அதன் எசன்ஸ் வாடை, கிரீமின் வெறுமையில் பத்து மடங்காகத் தெரியும்.

மாயவரத்து மருமகள் எழுதியது:

மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ரம்மைச் சிறிது நேரம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் போதை நீங்கி மணம் மட்டும் நிற்கும் என்கிறார் என் கொழுந்தனார். அப்படியானால் பிள்ளைகளுக்கும் தரலாமா? மற்றொன்று, ஏலக்காயும் சாதிக்காயும் சேர்க்க விரும்புகிறேன். பொடியாகத் தூவினால் கிரீம் சாம்பல் நிறமாகிறது.

நாகை இரசாயன ஆசிரியர் எழுதியது:

முதல் ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது உண்மை. ஆனால் அது தண்ணீரோடு கலந்திருக்கும்போது முழுவதும் பிரிந்து ஓடிவிடுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, சமையலில் சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவிட்டாலும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்கஹால் தங்கும். இரண்டரை மணி நேரம் கழித்தும் 5 விழுக்காடு நிற்கும். தீயிட்டுக் கொளுத்தினால் எல்லாம் எரிந்துவிடும் என்பதும் நம்பிக்கையே. அப்படிச் செய்தாலும் முக்கால் பங்கு எஞ்சும். மணம்தான் முதலில் பறக்கும். நீங்கள் செய்யும் கிரீமோ அடுப்பையே காணாதது. ஊற்றிய ஆல்கஹால் முழுவதும் அதிலேயே இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு வேண்டாம்.

விருந்துக்கு வருபவர்களில் கருவுற்ற பெண்களும், மதுவோடு சேரக்கூடாத மெட்ரோனிடசோல் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை உட்கொள்பவர்களும் இருக்கலாம். ஆடி மாதம் என்பதால் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியவர்களும் இருப்பார்கள். ரம் சேர்த்ததும் சேர்க்காததுமாக வெண்மையாக இருக்கும் இரண்டு கிண்ணங்களில் எது எது என்று பார்வையால் அறிய முடியாது. ரம் கிண்ணத்தின் மேல் மட்டும் சாதிக்காயைத் துருவி விடுங்கள். அதைக் கொண்டுவந்து வைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

சிறுவர்களுக்கான கிண்ணத்தில் ரம் எசன்ஸ் விட வேண்டியதில்லை. ரம் என்பதே பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருவது. குருங்குளம் ஆலையை ஒட்டிப் பேருந்தில் போனவர்கள் அந்த வாசனையை அறிவார்கள். கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த கருப்பட்டிப் பாகு இரண்டு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால், அந்தக் குடும்பத்தின் வாசனை ஒன்று வந்துவிடும்.

பாபநாசம் பால்காரர் எழுதியது:

ஏலக்காயைப் பொடிக்காதீர்கள். முந்தின நாள் கிரீமைச் சூடேற்றும்போதே நான்கு காய்களைத் தோலோடு நசுக்கி அதில் போட்டு, இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் அடிக்கும் முன்பு வடிகட்டிவிடுங்கள். நிறம் மாறாது. இன்னும் ஆழமான மணம் வேண்டுமானால் ஒரு கைப்பிடி உலர்திராட்சையை இரண்டு நாள் ரம்மில் ஊறப்போட்டு, அந்த ஊறல் நீரில் ஒரு கரண்டியைக் கிரீமிலும், திராட்சையைப் பழத்தின் மேலும் சேருங்கள்.

மாயவரத்து மருமகள் எழுதியது:

நேற்று மாலை ஒத்திகை பார்த்தேன். பண்ணைக் கிரீம் 400 மி.லி. வாங்கி, சொன்னபடி சூடேற்றி, ஏலக்காயோடு ஓர் இரவு வைத்து, இரண்டு பாகமாக அடித்தேன். முதல் பாகம் நான்கு நிமிடத்தில் கிளி மூக்கு நிலைக்கு வந்தது; 15 மி.லி. ரம்மை ஓரமாக விட்டதும் தளர்ந்து, நான் பெருமூச்சு விடுவதற்குள் இறுகிவிட்டது. வதக்கிய பூவன் பழம் வெதுவெதுப்புக்கு ஆறிய பிறகு மேலே வைத்தேன். பாகு படும் விளிம்பு மட்டும் மெல்லக் கரைந்து வழிந்தது. மாமியார் ரம் சேர்க்காத கரண்டியை எடுத்துச் சுவைத்துவிட்டு, இதற்குப் பால்திரட்டே மேல் என்று சொல்லி, இரண்டாவது கரண்டியும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் பாகத்தில்தான் ஒரு கோளாறு. ரம்மை விட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி ஒலித்தது. பீட்டரை நிறுத்தாமல் பேசிக்கொண்டே நின்றுவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மஞ்சளாகத் திரிந்து, அடியில் நீர் பிரிந்திருந்தது. அதைக் காப்பாற்ற வழி உண்டா? இந்த மோரை வீணாக்காமல் மோர்க்குழம்பில் விடலாமா?

காரைக்கால் அடுமனைக்காரர் எழுதியது:

சற்றே திரிந்த நிலையிலேயே கவனித்திருந்தால், அடிக்காத குளிர்ந்த கிரீம் மூன்று கரண்டி விட்டுக் கையால் கிளறி மீட்டிருக்கலாம். நீர் பிரிந்த பிறகு அது கிரீம் ஆகாது. நீங்கள் வெண்ணெய் கடைந்துவிட்டீர்கள். அதைத் துணியில் இட்டுப் பிழிந்து, எடையில் பாதியளவு ஐசிங் சர்க்கரையோடு குழைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் புட்டிங்கின் மேல் வைக்கும் பிராந்தி வெண்ணெய்க்கு அது தங்கை முறை. மூடிவைத்தால் ஒரு வாரம் வரும், சூடான பழத்தின் மேல் ஒரு வில்லை வைத்தால் உருகி இறங்கும். ஆனால் ஒன்று: ஆல்கஹால் கொழுப்பைவிடத் தண்ணீரோடுதான் உறவாடும் என்பதால், நீங்கள் ஊற்றிய ரம்மின் பெரும்பகுதி அடியில் பிரிந்த நீரில்தான் இருக்கிறது. வெண்ணெயில் மணம் வேண்டுமானால் குழைக்கும்போது ஒரு தேக்கரண்டி ரம்மைப் புதிதாக விடுங்கள். அந்த மோரை மட்டும் எக்காரணம் கொண்டும் மாமியாரின் மோர்க்குழம்பில் சேர்த்துவிடாதீர்கள்.

மாயவரத்து மருமகள் எழுதியது:

நல்லவேளை, தாளிக்க வைத்திருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டேன்.